ஆரணிக்கு நேராக ஒரு சைபர்

கண்ணு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். இன்று காலை ஃபோனில் உன் குரல் கணீரென்றுதான் இருந்தது. "அந்த சைபரை நீயாடா போட்ட?" என்று நான் கேட்டதும் இரண்டு சாக்குச் சொன்னாய், அதற்குப் பிறகுதான் உனக்குத் திடீரென்று சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு விழும், பதில் வராது. அதனால் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இது கூரியரில் வரும். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வாங்கிவிட்டுப் பார்க்கவில்லை என்று நீ சொல்ல முடியாது. உன் ஆபீசில் வேறு யாராவது பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. தாராளமாகப் படிக்கட்டும், நாலு பேருக்குப் படித்தும் காட்டட்டும். நம் வீட்டில் ஒளித்தது போதும் என்றுதான் இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் நீ வெளிநாடு கிளம்புகிறாய். எந்த ஆற்றுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் விடுவது என்று அந்த நாட்டுக்காரர்களுக்குக் கணக்குப் போட்டுத் தரப் போகிறாய். போய் வா, எனக்கும் பெருமைதான். ஆனால் போவதற்கு முன்னால் உன் சொந்த ஆற்றுக்கு நீ போட்ட கணக்கைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

அணைத் தண்ணீரைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க நேற்று நடந்த கூட்டத்துக்கு நான் போவேன் என்று நீயும் நினைக்கவில்லை, உன் அப்பாவும் நினைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. நம் தெருச் சாயப்பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் சட்டையில் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டு கோஷம் போட்டபடி வந்தார்கள். முன்னால் நடந்து வந்தது யார் தெரியுமா? உன் அப்பா. "எங்க ஆத்துத் தண்ணிய நிறுத்தாதே" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. உள்ளே போனால் மேடையில் பெரிய திரை, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர், ஒரு பிஸ்கட் பாக்கெட். ஆற்றைப் பற்றிப் பேச வந்த கூட்டத்தில் எல்லோரும் எந்த ஊரிலோ அடைத்த பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தோம். நானும்தான் குடித்தேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

திரையில் நம் கமண்டல நாகநதியை ஒரு நீலக் கோடாக வரைந்திருந்தார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்து அணையில் தொடங்கி, ஆரணியைத் தாண்டி, கீழே செய்யாற்றில் போய்ச் சேரும் வரைக்கும் ஒரே கோடு. வழியில் இருக்கும் ஊர்கள் எல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் குடிக்க எவ்வளவு, பாசனத்துக்கு எவ்வளவு, தொழிலுக்கு எவ்வளவு என்று மூன்று எண்கள். பல வருஷத்து மழையையும் வெயிலையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, எந்த மாதம் அணையைத் திறந்தால் யாருக்குப் போய்ச் சேரும், யாருக்குப் பத்தாமல் போகும் என்று ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னார்கள். நல்ல வேலை என்றுதான் உட்கார்ந்து கேட்டேன். மனம் போனபடி அணையைத் திறப்பதைவிடக் கணக்குப் பார்த்துத் திறப்பது எவ்வளவோ மேல். பிறகு ஆரணி வட்டம் பெரிதாக வந்தது. குடிநீர் வெளியிலிருந்து குழாயில் வருகிறது, ஆற்றிலிருந்து தேவையில்லை. பாசனம் கொஞ்சம். தொழில், சைபர். ஆகவே கோடையில் ஆற்று மணலை நனைக்க என்று இதுவரை அணையிலிருந்து விட்டுவந்த தண்ணீரை இனிமேல் விட வேண்டாம், மேலே வாய்க்கால் பாசனத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கம்ப்யூட்டர் மாடல் சொல்கிறதாம். மேலே இருக்கும் விவசாயிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சைபர் என்று எழுதியிருக்கும் ஊருக்கு யார்தான் தண்ணீர் விடுவார்கள்?

உன் அப்பா எழுந்தார். கழுத்து நரம்பு புடைக்க, "மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்துகினு கம்ப்யூட்டர்ல ஆத்த வரைஞ்சா இப்டித்தான் ஆவும்! எங்க ஊரப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டார். மண்டபமே கைதட்டியது. மேடையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். அவர் கோபப்படவே இல்லை. "ஐயா, எங்களுக்குத் தெரியாதுன்னுதான் தெருத்தெருவா ஆள் அனுப்பிக் கேட்டோம். ஆரணியில சாயப்பட்டறை எதுவுமே ஓடலை, நூலெல்லாம் வெளியூர்ல சாயம் போட்டு வருதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. தண்ணியே எடுக்காதவங்களுக்கு நாங்க எதுக்கு அணையைத் திறக்கணும், சொல்லுங்க" என்றார். தண்ணீர் எடுக்கிறோம் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் பட்டறை இருக்கிறது என்று ஆகும், பட்டறை இருந்தால் லைசென்ஸ் எங்கே, சாயத் தண்ணீரை எங்கே விடுகிறாய் என்று அடுத்த கேள்வி வரும். அத்தனை ஆண்பிள்ளைகளும் நெஞ்சில் கறுப்பு ரிப்பனோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் அப்பா மெல்ல உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்போதும் அந்தக் கோபம் இவர்கள் மேலேதான். உன்மேல் வந்தது அதற்கு அடுத்த நிமிஷம். திரையில் கடைசிப் பக்கம் வந்தது. கீழே, 'களவிவரங்களைச் சரிபார்த்தவர்' என்று போட்டு, அப்பா இனிஷியலோடு உன் பெயர்.

நீ வேறு ஏதோ ஆற்றைப் பார்ப்பதாக அல்லவா என்னிடம் சொல்லியிருந்தாய்? தெற்கே எங்கேயோ என்றாய். நானும் நம்பிக்கொண்டு, வெயிலில் அலையாதே, மோர் குடி என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த சைபர் எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நான் சொல்கிறேன், கேள். கையில் டேப்லெட்டோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். காலேஜ் முடித்த பிள்ளைகள், வெயிலில் முகம் கறுத்துப்போய் இருந்தது. அன்றைக்குப் பட்டறையில் அரக்குக் கலர் ஓடிக்கொண்டிருந்தது. உன் அப்பா ஓடிப்போய்ப் பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து, வாயெல்லாம் பல்லாக அவர்களை உட்கார வைத்தார். "சாயமா? இங்கயா? அதெல்லாம் எங்க அப்பா காலத்துல. இப்ப எல்லாம் ரெடிமேடா வந்துடுதும்மா" என்றார். நான் காபி கொண்டுபோய் நீட்டினேன். ஒரு பெண் என் கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் சிவப்பு. "மருதாணியா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பாவம், நிஜமாகவே கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "ஆமாம்மா, அவங்களுக்கு மருதாணின்னா உயிரு" என்றார். முழங்கை வரைக்கும் மருதாணி வைத்துக்கொள்ள எனக்கு என்ன கல்யாணமா? அந்தப் பெண் சிரித்துக்கொண்டே டேப்லெட்டில் எதையோ தட்டினாள். நானும் சிரித்தேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்தவாசியிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக இந்தப் பட்டறையின் ஒவ்வொரு கலரையும் கலந்தவள், அன்றைக்கு மருதாணிக்காரியாகிச் சிரித்தேன். அவர்கள் போன பிறகு உன் அப்பாவைப் பிடித்துச் சத்தம் போட்டேன். போன பிறகு போட்ட சத்தத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? "இன்னாத்துக்கு பேஜாரு பண்ற? சைபர்னு சொன்னா வேலை முடிஞ்சிது. உண்மையச் சொன்னா நாளைக்கே சீல் வெச்சிகினு போயிடுவான்" என்றார் அவர். தெரு முழுக்க இதையே சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட மாற்றிச் சொல்லவில்லை. வேறு எந்த விஷயத்திலாவது நம் தெரு இப்படி ஒற்றுமையாக இருந்து பார்த்திருக்கிறாயா?

அந்தப் பெண்கள் ஏமாந்தார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் வெளியூர். ஒரே நாளில் ஆரணியையே கேட்டு முடித்துவிட்டு வா என்று அவர்களை அனுப்பிய உன் ஆபீசுக்காரர்களைத்தான் நிற்க வைத்துக் கேட்க வேண்டும். நீ ஏமாந்தாய் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வராதே. பள்ளிக்கூடம் விட்டு ஆற்றுப் பாலத்து வழியாக வருவாயே, ஓடையில் எந்தக் கலர் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு வந்து, "அம்மா, இன்னிக்கு எல்லாரும் பச்சை போடறாங்கம்மா" என்பாய். எந்த முகூர்த்தத்துக்கு எந்தக் கலருக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று ஓடையைப் பார்த்தே சொல்லிவிடுவாய். உன் அப்பா உன்னைத் தூக்கிச் சுற்றுவார், "எம்புள்ள யாவாரி" என்று. சோதனை வருகிறது என்று செய்தி கசிந்தால் போதும், தெருவே பட்டறையைப் பூட்டிக்கொண்டு வேன் பிடித்துப் பக்கத்துச் சமணர் மலையான திருமலைக்குக் கிளம்பிவிடும். புளியோதரைத் தூக்கு, ஜமக்காளம், சீட்டுக்கட்டு. நீயும் லீவு போட்டுவிட்டு அந்த மலையில் ஏறி இறங்கி விளையாடியிருக்கிறாய். அங்கே இளநீர் விற்கும் ஆள் நம் வேனைப் பார்த்ததும் உன் அப்பாவிடம், "இன்னா சாயக்காரரே, இன்னிக்கும் ரெய்டா?" என்று கேட்பான். நாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த வேனில் என் மடியில் உட்கார்ந்து வந்தவன் நீ. உன் திரையில் ஆரணிக்கு நேராக சைபர் வந்து நின்றபோது, இது பொய் என்று தெரிந்தவன் அந்த ஆபீசிலேயே நீ ஒருத்தன்தான். உன்னிடம் போய்ச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், நீயும் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

காரணம் சொன்னாயே காலையில். "அப்பாதாம்மா ஃபோன் பண்ணி, பாத்துக்கோடா தம்பின்னு கேட்டாரு. நான் நிஜத்தைப் போட்டா பட்டறைய மூடிடுவாங்க. அப்பாவுக்காகத்தாம்மா" என்றாய். உன் அப்பாவுக்காக நீ செய்தது என்ன என்று உட்கார்ந்து யோசித்தாயா? தண்ணீர் வராவிட்டால் நம் கிணறு கோடையில் உப்பாகிவிடும். உப்புத் தண்ணீரில் பட்டு கலர் பிடிக்காது, திட்டுத் திட்டாக நிற்கும். வாங்கினவன் திருப்பி அனுப்புவான். அதிகாரி வந்து சீல் வைத்தால் ஒரு நாளில் மூடும். நீ காப்பாற்றிய முறையில் ஒவ்வொரு கோடையாகச் சாகும். இத்தனை வருஷமாக நம் பட்டறைச் சங்கத்தார் சாயத் தண்ணீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கேட்டு நடையாய் நடக்கிறார்களே, ஏன் கிடைக்கவில்லை? ஆரணியில் சாயப்பட்டறையே இல்லை என்று அதே சங்கத்தார் சொல்லிவைத்திருப்பதால்தான். இல்லாத பட்டறைக்கு எவன் வந்து கட்டிக் கொடுப்பான்? இதைச் சொன்னால் உன் அப்பா என்னைப் பார்த்து, "உனக்கு யாவாரம் தெரியாது" என்கிறார். வியாபாரம் தெரிந்தவர்கள் நேற்று மண்டபத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே, அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம்.

பிறகு இன்னொன்றும் சொன்னாய். "எல்லா மாடல்லயும் ஏதாவது தப்பு இருக்கத்தாம்மா செய்யும். ஒரு நம்பர்தானே, விடும்மா" என்றாய். ஒரு நம்பர்தானா? பட்டறையில் நூலை அலசுகிற செல்வியை உனக்கு நன்றாகத் தெரியும். நீ காலேஜுக்குக் கிளம்பும்போது உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தவள். ஆற்றங்கரைக் காலனியில், நம் ஓடை ஆற்றில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். குடிநீர் குழாயில் வருகிறது என்று உங்கள் மாடலில் இருக்கிறதே, அந்தக் குழாய் காலனி வரைக்கும் போகவில்லை. அவர்களுக்கு அடிபம்புதான். அணையிலிருந்து கோடையில் வந்துகொண்டிருந்த தண்ணீர்தான் நாம் விடும் சாயத்தை அடித்துக்கொண்டுபோய் மணலைக் கழுவிவிட்டது. போன கோடையில் அணையில் ஏதோ வேலை நடக்கிறது என்று தண்ணீர் விடவில்லை. அப்போதே அவர்கள் பம்பில் கலர் வர ஆரம்பித்துவிட்டது, இன்னும் போகவில்லை. செல்வி என்னிடம் சண்டைக்கு வரவில்லை. நூலை அலசிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்: "உங்க பட்டறையில இன்னா கலர் ஓடுதோ, அந்தக் கலருதான்க்கா எங்க ஊட்டு சோறு. நேத்து மஞ்சா. சின்னது எலுமிச்சம்பழ சோறுன்னு நெனச்சிகினு ஆசையா துன்னுது." ஒரே ஒரு கோடைத் தண்ணீர் நின்றதற்கே இப்படி. இனி எப்போதுமே வேண்டாம் என்று எழுதி, அதற்கு நீ சரி போட்டிருக்கிறாய். நாம் தண்ணீர் எடுப்பதை நீ மறைத்தபோது நாம் விடுவதையும் சேர்த்துத்தான் மறைத்தாய். எடுக்கவே இல்லை என்றால் விடுவதற்கு என்ன இருக்கிறது? உங்கள் கம்ப்யூட்டரும் அப்படியே நம்பி, ஆற்றுத் தண்ணீர் சுத்தம் என்று எழுதிவிட்டது. அதைக் குறை சொல்லி என்ன செய்ய? அதற்கு நாக்கா இருக்கிறது, செல்வி வீட்டுச் சோற்றைத் தின்று பார்க்க?

உன் அப்பாவைத் திட்டித் தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. பயம்தான் அவரை இப்படி ஆக்கிவைத்திருக்கிறது. கதவைச் சாத்தியே வாழ்ந்துவிட்டார். உன்னைப் படிக்க வைத்ததே, நீயாவது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை பார்ப்பாய் என்றுதான். உனக்குப் பாசம் இருக்கிறது, எனக்குத் தெரியாதா? பெற்றவர் கேட்டால் தட்ட முடியாதுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள். நீ செய்கிற வேலையில், உன் பாசத்துக்காக நீ ஒருத்தர் பக்கம் சாய்த்து எழுதினால், அதன் இழப்பு நீ முகம் பார்க்காத ஒருத்தர் வீட்டில் போய் இறங்கும். இந்த முறை தப்பித்தவறி அது உனக்குத் தெரிந்த முகமாகப் போய்விட்டது. நாளைக்குப் போகிற நாட்டில் அதுவும் இருக்காது. அங்கேயும் எந்த வட்டத்துக்குப் பக்கத்திலாவது சைபர் வந்தால், சந்தோஷப்பட்டுவிடாதே. அந்த ஊருக்குப் போய் யார் கை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்.

இன்று மத்தியானம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ ஃபோனை வைத்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு நேராகக் காலனிக்குப் போனேன். செல்வி வீட்டு வாசல் பம்பில் அடித்தேன். மற்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாக்கா, உங்க ஊட்ல தண்ணி வர்லியா?" என்று கேட்டாள் ஒருத்தி. கொண்டுவந்து அதே தண்ணீரில் உலை வைத்தேன். வடித்தபோது சோறு வெளிறிய ரோஸ் நிறத்தில் இருந்தது. உன் அப்பா கூட்டத்தைப் பற்றி யாரையோ ஃபோனில் ஏசிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். "இன்னா இது, பீட்ரூட்டா?" என்றார். "செல்வி ஊட்டுத் தண்ணி" என்றேன். கை தட்டுக்கு மேலேயே நின்றது. "சாப்புடுங்க. அதுல ஒண்ணும் இல்ல. சைபர்தான்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று உனக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமைதான் கடைசிக் கூட்டம். ஆட்சேபம் சொல்ல அதுவே கடைசி நாள். அதோடு அணையைத் திறக்கும் விதி முடிவாகிவிடும். "வெள்ளிக்கெழம நான் எழுந்து எல்லாத்தையும் சொல்லப்போறேன்" என்றேன் அவரிடம். "பட்டறைய மூடிடுவான்" என்றார். "மூடட்டும்" என்றேன். "மூடினா செல்விக்கும்தான் வேலை போவும்" என்றார், ஏதோ என் கையைக் கட்டிவிட்ட மாதிரி. அதையும் நான் செல்வியிடமே கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். "வேலைய வேற எங்கனா பாத்துக்கலாம்க்கா. தண்ணிய எங்க போய்ப் பாக்கறது?" என்றாள் அவள். அதைச் சொன்னேன். கடைசியாக, "பெத்த புள்ளையையே ஊர் முன்னாடி காட்டிக் குடுக்கப் போறியா?" என்று கேட்டார். நேற்று எழுந்து உண்மையைச் சொல்லப் போனவள், உன் பெயரைத் திரையில் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நேரம் அந்த ஆண்களைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தவள், உன் பெயரைக் கண்டதும் அவர்களைப் போலவே தரையைப் பார்த்தேன். அந்த வெட்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் அதைச் சுமந்துகொண்டு உட்கார என்னால் ஆகாது.

சட்டையைப் போட்டுக்கொண்டு உன் அப்பா வெளியே கிளம்பினார். வாசல்படியில் நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவனுக்கு எழுது. நான் சொல்லித்தான் அவன் செஞ்சான்னு எழுது. அவன் மேல தப்பில்லன்னு எழுது." எழுதிவிட்டேன். இவ்வளவு வருஷத்தில் அவர் முதல் தடவையாக ஒரு கதவைத் திறந்திருக்கிறார், அதுவும் உனக்காக. ஆனால் அவர் சொல்லித்தான் செய்தாய் என்பதால் உன் மேல் தப்பில்லை என்று ஆகிவிடாது. கையெழுத்து உன்னுடையது.

இனி நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா முன்கூட்டிச் சொல்லவில்லை என்று குறைப்படாதே. வெள்ளிக்கிழமை காலை நான் முன்வரிசையில் உட்காருவேன். எழுந்து, எங்கள் பட்டறையில் இத்தனை தொட்டி, தினம் இவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம், சாயத்தை இந்த ஓடையில் விடுகிறோம், அது இன்னார் வீட்டுப் பம்புக்குப் போகிறது என்று மைக்கில் சொல்வேன். உன் மாடலைத் திரும்ப ஓட்டுங்கள் என்று கேட்பேன். அந்தப் பெண் அதிகாரி நிச்சயம் கேட்பார், இதையெல்லாம் சரிபார்த்து அனுப்பியது யார் என்று. என் மகன் என்று சொல்வேன். சென்னையிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பினால் கூட்டம் தொடங்குவதற்குள் வந்துவிடலாம். என் பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடித்துவைக்கிறேன். நீ வந்து நின்று உன் வாயால் திருத்தினால், என் மகன் என்று தலையை நிமிர்த்திச் சொல்வேன். நீ வராவிட்டாலும் சொல்வேன்.

அம்மா